யாரும் கேட்காமல் செய்தவை

விரல் நுனியில் சால்டரிங் சுட்ட தழும்போடு வந்திருக்கும் இளைஞர்களே, "எப்பப் பார்த்தாலும் எதையாவது பிரிச்சுப் போட்டுக்கிட்டு" என்று அவர்களை வைதுகொண்டே இங்கே கூட்டி வந்திருக்கும் பெற்றோரே!

சம்பளமில்லாமல், மதிப்பெண்ணில்லாமல், சும்மா ஆசைக்காக நிரல் எழுதுகிறவர்களையும் கருவி செய்கிறவர்களையும் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. இவர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். நவராத்திரி வந்தால் கொலுப்படிக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, கேழ்வரகை முளைக்கவிட்டுப் பூங்கா அமைத்து, அதற்குள் ஒரு சீரியல் விளக்கையும் ஓடவிடாமல் தூங்கப் போகாத பிள்ளைகள் இவர்கள்தாம். வீட்டில் இவர்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: "இதனால என்ன பிரயோசனம்?"

அந்தக் கேள்விக்கு இந்த மேடை பதில் சொல்லப் போவதில்லை. அதைக் கேட்கத்தான் வேண்டுமா என்று பார்க்கப் போகிறது. அதற்குச் சில சாட்சிகளை அழைப்போம்.

முதல் சாட்சி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே உள்ள வீட்டன் என்ற ஊர்க்காரர். பெயர் குரோட் ரீபர். 1911இல் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே அமெச்சூர் வானொலியில் பைத்தியம் பிடித்தவர். பிழைப்புக்குச் சிகாகோவில் வானொலிக் கம்பெனிகளில் பொறியாளர் வேலை.

1930களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ல் ஜான்ஸ்கி, நெடுந்தொலைவு வானொலிப் பேச்சில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய், பால்வீதியிலிருந்தே வானொலி அலை வருவதைக் கண்டுபிடித்தார். செய்தித்தாள்களில்கூட வந்தது. வானியலாளர்கள் கேட்டார்கள், தலையை ஆட்டினார்கள், அவரவர் தொலைநோக்கிக்குத் திரும்பிவிட்டார்கள். ஜான்ஸ்கிக்கும் வேறு வேலை வந்துவிட்டது. ரீபருக்கு மட்டும் மனசு அதிலேயே நின்றது. பெல் ஆய்வகத்தில் வேலை கேட்டுப் பார்த்தார். பெருமந்தக் காலம், கிடைக்கவில்லை.

என்ன செய்தார்? 1937 கோடையில் கைக்காசைப் போட்டு வீட்டுத் தோட்டத்தில் 31 அடி அகலத்துக்கு ஒரு கிண்ண ஆன்டெனாவைக் கட்டினார். மரச்சட்டம், அதன்மேல் உலோகத் தகடு, மேலும் கீழும் சாய்க்கப் பழைய ஃபோர்டு மாடல்-டி வண்டியின் பாகங்கள். அக்கம்பக்கத்தார் வாய்பிளந்து பார்த்தார்கள். அவருடைய அம்மாவுக்கு அது துணி காயப்போட வசதியாக இருந்ததாம்.

இதை யார் கேட்டார்கள்? எந்தப் பல்கலைக்கழகம் கேட்டது? எந்த அரசு கேட்டது? யாரும் கேட்கவில்லை.

சூடான பொருள் வெளிவிடும் அலை, அதிர்வெண் கூடக்கூட வலுவாக இருக்கும் என்பது அன்றைய இயற்பியல். ஆகவே ரீபர் முதலில் 3,300 மெகாஹெர்ட்ஸில் தேடினார். ஒன்றும் கேட்கவில்லை. வானொலி வாங்கியைக் கழற்றிப் புதிதாகக் கட்டி 900 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் தேடினார். அங்கும் மௌனம். மூன்றாம் முறை 160 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கினார். பால்வீதி பேசியது. அவர் போட்ட கணக்கு சரிதான். வானம்தான் வேறு கணக்கு வைத்திருந்தது. காந்தப் புலங்களில் சுழலும் எலக்ட்ரான்கள் வெளிவிடும் அலை அது, அதிர்வெண் குறையக் குறைய வலுக்கும் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

கொஞ்சம் நிறுத்தி யோசிப்போம். மானியம் கொடுத்து ஒருவரை இந்த வேலைக்கு அமர்த்தியிருந்தால், இரண்டாவது தோல்வியோடு கடையைக் கட்டச் சொல்லி ஓலை வந்திருக்கும். ரீபருக்கு ஓலை அனுப்ப ஆளில்லை. பகலில் கார் எஞ்சின்களின் தீப்பொறி இரைச்சல் தொல்லை கொடுத்ததால், வேலைக்குப் போய் வந்து, உறங்கி எழுந்து, நள்ளிரவுக்கு மேல் உட்கார்ந்து அளந்தார். 1940இல் வானியற்பியலின் முன்னணி இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. 1944இல் வானத்தின் வானொலி வரைபடத்தையே வெளியிட்டார். ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு உலகத்தில் வானொலி வானியலாளர் என்று சொல்ல அவர் ஒருவர்தான் இருந்தார். அந்தக் கிண்ணம் இன்று மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் வானொலி ஆய்வகத்தில் காட்சிக்கு நிற்கிறது.

"சரிதான் ஐயா, அது அறிவியல், ஏதோ ஒரு பயன் இருந்தது" என்று யாராவது சொல்லக்கூடும். அப்படியானால் பயனே இல்லாத ஒன்றைப் பார்ப்போம்.

1975 ஜனவரியில் பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ் இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வந்தது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ள வேண்டியது. விலை 400 டாலருக்குள். அதற்குத் திரை கிடையாது. விசைப்பலகை கிடையாது. முன்பக்கம் வரிசையாகச் சுவிட்சுகள், அவற்றுக்கு மேல் சின்னச் சிவப்பு விளக்குகள். நினைவகம் 256 பைட். இன்று நாம் கைபேசியில் அனுப்பும் ஒரு பூங்கொத்துப் படம்கூட அதில் அடங்காது. சில நூறு விற்றால் போதும் என்று இருந்த கம்பெனிக்கு ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவிந்தது. வாங்கியவர்களில் யாருக்கும் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாது. தெரியாததுதான் ருசி.

அதே ஆண்டு மார்ச் 5ஆம் தேதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் பிரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் இப்படிப்பட்டவர்கள் முதன்முறையாகக் கூடினார்கள். ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப் என்று அதற்குப் பெயர் வந்தது. அதில் ஸ்டீவ் டாம்பியர் என்று ஓர் உறுப்பினர். அவர் ஆல்டேரில் எண்களை வரிசைப்படுத்தும் ஒரு நிரலை ஓடவிட்டிருந்தார். பக்கத்தில் ஒரு ரேடியோ. நிரல் ஓடும்போதெல்லாம் ரேடியோ உறுமுகிறது! கணினியின் மின்சுற்று எழுப்பும் அலையை ரேடியோ பிடிக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ரேடியோவைத் தள்ளி வைத்திருப்பார்கள். டாம்பியர் என்ன செய்தார்? எந்தச் சுழல் எந்தச் சுருதியைத் தருகிறது என்று உட்கார்ந்து குறித்தார்.

ஏப்ரல் மாதக் கூட்டத்துக்கு ஆல்டேரைத் தூக்கி வந்தார். தரையில் குந்தி, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிரலை ஏற்றினார். ஏற்றி முடிக்கும்போது யாரோ மின்கம்பியில் கால் இடற, எல்லாம் அழிந்தது. மறுபடி முதலிலிருந்து ஏற்றினார். ரேடியோவை அருகில் வைத்தார். பீட்டில்ஸ் குழுவின் பாட்டு ஒன்று அந்தச் சின்ன ரேடியோவிலிருந்து கரகரவென்று வந்தது. அது முடிந்ததும், 1961இல் பெல் ஆய்வகத்தில் கணினி முதலில் பாடிய டெய்சி பாட்டு தானாகத் தொடங்கியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

எதற்காகக் கைதட்டினார்கள்? அந்தப் பாட்டைவிட நல்ல பாட்டு எந்தக் கடை ரேடியோவிலும் கேட்டிருக்கும். ஒரு பெட்டி, அதைச் செய்தவர்களே நினைத்துப் பார்க்காத ஒன்றை, தங்களில் ஒருவன் சொல்லிச் செய்துவிட்டது. அதற்கு விழுந்த கைதட்டல் அது.

அந்தக் கிளப்புக்கு வந்து போன இன்னொருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். பகலில் ஹியூலட் பேக்கர்டு கம்பெனியில் வேலை. அவர் வரைந்த கணினியின் சுற்று வரைபடத்தை உறுப்பினர்களுக்குச் சும்மா கொடுத்தார். எடுத்துப் போய்ச் செய்துகொள்ளுங்கள் என்றார். அதுதான் ஆப்பிள்-1. அதன் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும் என்பதால் விட்டுவிடலாம். அதிகம் தெரியாத ஒன்று: ஆப்பிள்-2 கணினியில் வண்ணமும் ஒலியும் கைப்பிடிகளும் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், பந்தடித்துச் செங்கல் உடைக்கும் பிரேக்அவுட் விளையாட்டை நிரலிலேயே எழுதிக் கிளப் நண்பர்களிடம் காட்ட வேண்டும் என்ற ஆசை.

அடுத்த சாட்சிகள் ஒரு கூட்டமாக வருகிறார்கள். 1957இல் ஸ்புட்னிக் ஏறிய பிறகு விண்வெளி என்றாலே வல்லரசுகள், படைகள், கோடிகள். அந்தக் காலத்தில் கலிபோர்னியாவின் அமெச்சூர் வானொலிக்காரர்கள் சிலர், நாமும் ஒரு செயற்கைக்கோள் விட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டார்கள். வீட்டு ஷெட்டுகளிலும் அடித்தளங்களிலும் உட்கார்ந்து சுமார் நாலரை கிலோ எடையில் ஒரு பெட்டியைச் செய்தார்கள். பெயர் ஆஸ்கார்-1. அமெரிக்க விமானப்படையின் ராக்கெட்டில், எடை சமன் செய்ய வைக்கும் கட்டைக்குப் பதிலாக அதற்கு இடம் கேட்டு வாங்கினார்கள். 1961 டிசம்பர் 12 அன்று அது ஏறியது. ராக்கெட்டிலிருந்து அதைத் தள்ளிவிட்ட ஸ்பிரிங் சாதாரணக் கடையில் ஒரு டாலர் சொச்சத்துக்கு வாங்கியது!

அது என்ன பேசியது? மோர்ஸ் மொழியில் "ஹாய்" என்ற ஒரே சொல். திரும்பத் திரும்ப அதுதான். ஆனால் அதிலும் ஒரு குறும்பு வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் வெப்பம் மாறினால் "ஹாய்" சொல்லும் வேகமும் மாறும். கையில் கடிகாரம் இருந்தால் போதும், விண்வெளியில் இருக்கும் பெட்டியின் சூட்டை வீட்டிலிருந்தே அளக்கலாம். 28 நாடுகளில் 500க்கும் மேற்பட்ட அமெச்சூர்கள் அதைக் கேட்டுக் குறித்து அனுப்பினார்கள். 22 நாளில் காற்றுமண்டலத்தில் விழுந்து எரிந்து போயிற்று.

இந்தக் குடும்பத்தில் நமக்கும் ஓர் உறவு உண்டு. 2005 மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ராக்கெட் ஏறியபோது, கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளோடு ஹாம்சாட் என்ற அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோளும் ஏறியது. அதில் இரண்டு அலைபரப்பிகள். ஒன்று இந்தியாவில் செய்தது. மற்றொன்றைச் செய்தவர் நெதர்லாந்து நாட்டு மாணவர் ஒருவர்.

சரி, வெளிநாட்டுக் கதையாகவே போகிறதே, தமிழில் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. கைபேசியில் "வணக்கம்" என்று தமிழில் தட்டுகிற ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.

1980களில் கணினியில் தமிழ் வேண்டும் என்று எந்தப் பெரிய கம்பெனியும் நினைக்கவில்லை. நினைக்க அவர்களுக்கு வணிகக் காரணமும் இல்லை. கனடாவில் இருந்த முனைவர் ஸ்ரீனிவாசன் 1984 வாக்கில் ஆதமி என்ற தமிழ்ச் சொற்செயலியை எழுதினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். முரசு அஞ்சல் என்று வளர்ந்து உலகெங்கும் போனது அது. சுவிட்சர்லாந்தின் லோசானில் கு. கல்யாணசுந்தரம் என்ற வேதியியல் ஆய்வாளர் இருந்தார். சூரிய ஒளியை மின்சாரமாக்கும் ஆய்வு அவருடைய தொழில். எழுத்துரு வரைவதற்கும் வேதியியலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. 1990களில் மயிலை என்ற தமிழ் எழுத்துருவைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்.

குழப்பமும் வந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஒவ்வொன்றிலும் "அ" வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒருவர் அனுப்பிய கடிதம் மற்றவர் திரையில் குப்பையாகத் தெரிந்தது. அதைத் தீர்க்கவும் இவர்களே கூடினார்கள். பல நாடுகளிலிருந்து மின்னஞ்சலில் மாதக்கணக்கில் சண்டை போட்டு, திஸ்கி என்ற பொதுக் குறியீட்டைக் கண்டார்கள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சம்பளமில்லாத தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்திலிருந்து பாரதி வரை தட்டச்சு செய்து மின்னூலாக்கினார்கள். யாரும் கேட்கவில்லை. ஆனால் இன்றைக்கு நமக்கு வேண்டியிருக்கிறது.

கை கொண்டு செய்வதும் நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறைக்குத் தைப்பொங்கலன்று போனவர்களுக்குத் தெரியும். ஆளை விடப் பெரிய பட்டங்கள், அசையும் உருவங்கள், விளக்கு எரியும் உருவங்கள் கடற்கரையில் ஏறும். பட்டத்தின் தலையில் வில்போல வளைத்த குச்சியில் நாடாவை இழுத்துக் கட்டி விண் பூட்டுவார்கள். காற்றில் அது அதிர்ந்து ஊருக்கே கேட்கும். நாடாவின் அகலமும் முறுக்கும் மாறினால் நாதம் மாறும். இதைக் கல்லூரிப் பாடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பெரியவர்கள் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டது.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லித் தொடங்கியதுதான் லினக்ஸ். ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் உலகின் பெரும்பாலான சர்வர்களுக்குள்ளும் இன்று அது ஓடுகிறது. இந்தக் கதையைச் சொன்னால் போதும், பெற்றோர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். "அப்ப நம்ம பையனும்..." அந்த வெளிச்சம்தான் ஆபத்து. அன்றோடு பையனின் பொழுதுபோக்குக்கு டியூஷன் வைக்கப்படும், சான்றிதழ் கேட்கப்படும், போட்டிக்கு அனுப்பப்படும். ஆயிரம் பேர் ஆசைக்காக எழுதும் நிரல்களில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது எங்கேயும் போகாது. எழுதியவருக்கு அது தந்த மகிழ்ச்சி மட்டும் அவரிடம் இருக்கும். அது போதாதா?

போதும் என்று நினைக்கும் இளைஞர்கள் எங்கே தொடங்குவது? தன் வீட்டிலேயே. தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, மாடித் தொட்டி நிரம்பிச் சுவர் வழியே வழிகிறது. இதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. ஒன்பது வோல்ட் மின்கலம், பிசி 547 டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, ஒரு பஸ்ஸர், இரண்டு கம்பி. தொட்டியின் விளிம்பில் கம்பி முனைகள். தண்ணீர் இரண்டு முனைகளையும் தொட்டதும் மிகச் சிறிய மின்னோட்டம் பாய்கிறது, டிரான்சிஸ்டர் அதை நூறு மடங்குக்கு மேல் பெருக்குகிறது, பஸ்ஸர் அலறுகிறது. சென்னை ரிச்சி தெருவில் இது எல்லாம் சேர்த்து ஒரு ஹோட்டல் சாப்பாட்டுக் காசுக்குள் முடியும். வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ட்டை மட்டும் தொடாதீர்கள், மின்கலமே போதும்.

பஸ்ஸர் முதலில் அலறும்போது வீடே திரண்டு வரும். பாராட்டு நடக்கும். பிறகு நாளாவட்டத்தில் கம்பி முனை பச்சை பூத்துக் கரைய ஆரம்பிக்கும். ஏன்? நேர்மின்சாரம் ஒரே திசையில் பாய்ந்து செம்பைக் கரைக்கிறது. பாடப்புத்தகத்தில் மின்னாற்பகுப்பு என்று மனப்பாடம் செய்தது இதுதான்! என்ன செய்யலாம்? துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடலாம். அல்லது நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு கணம் மட்டும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். அதற்கு நேரம் பார்க்கத் தெரிந்த ஒன்று வேண்டும். நிரல் எழுதும் வேலை அங்கே தொடங்குகிறது.

அதற்கென்றே ஒரு பலகை இருக்கிறது. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்ற சிற்றூரில், வடிவமைப்பு மாணவர்களுக்கு மலிவாக வேண்டும் என்று மாசிமோ பன்சியும் நண்பர்களும் செய்த அர்டுயினோ. அவர்கள் கூடும் மதுக்கடையின் பெயரைப் பலகைக்கு வைத்தார்கள். கடைக்கோ ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அந்த ஊர் அரசனின் பெயர். சுற்று வரைபடத்தைத் திறந்தே வைத்ததால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நம் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது அதனால்தான். அது வந்ததும் ஆசை பெருகும். கம்பியே தண்ணீரைத் தொடாமல், மேலிருந்து மீயொலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்தால் என்ன? ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 58 மைக்ரோ விநாடி. ஆனால் மே மாத வெயிலில் ஒலியின் வேகம் கூடும், கணக்கு தப்பும். தொட்டியின் ஈரம் உணர்கருவியில் படிந்து அதைக் கெடுக்கும். ஒரு தொட்டி, ஒரு மாணவனுக்கு எத்தனை பாடம் எடுத்துவிட்டது பாருங்கள். இவ்வளவுக்கும் கடையில் தயாராக ஒரு தொட்டி மணி கிடைக்கத்தான் செய்கிறது.

"இப்போது நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதித் தருகிறதே, நாம் எதற்கு?" இந்தக் கேள்வி பலர் மனத்தில் இருக்கும். 1997இல் டீப் புளூ என்ற கணினி அன்றைய உலகச் சாம்பியன் காஸ்பரோவைச் சதுரங்கத்தில் தோற்கடித்தது. இன்று எந்தக் கைபேசியும் எந்தச் சாம்பியனையும் தோற்கடிக்கும். அதனால் சென்னைப் பிள்ளைகள் பலகையை மடித்து வைத்துவிட்டார்களா? 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதுக் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். கணினியிடமும் கற்றுக்கொண்டுதான் ஆனார். நிரலுக்கும் அப்படியே. கேட்டு வாங்கலாம், உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். தொட்டியில் பச்சை பூத்த கம்பியைக் கையில் எடுத்துப் பார்ப்பதை மட்டும் அதனிடம் விட்டுவிட வேண்டாம்.

நிறைவாக இரண்டு வேண்டுகோள்கள். பெற்றோரே, வீட்டில் ஒரு மேசையை, மேசை இல்லாவிட்டால் ஒரு மூலையை, பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். அதன்மேல் பரப்பிய சாமான் பரப்பியபடி கிடக்கட்டும். ராத்திரி எடுத்து வைக்கச் சொல்லாதீர்கள். பாதியில் நிற்கும் வேலையைப் பார்த்து "எப்ப முடியும்?" என்று கேட்பதற்குப் பதில் "இது எப்படி ஓடுது?" என்று கேளுங்கள்.

இளைஞர்களே, அடுத்த மாதம் இதே அரங்கில் கூடும்போது செய்ததைக் கொண்டு வாருங்கள். ஓடாததையும் கொண்டு வாருங்கள். ஏன் ஓடவில்லை என்று பார்க்கப் பத்துப் பேர் இருப்பார்கள். மின்கலம் மட்டும் அவரவர் எடுத்து வரவும். இந்த அரங்கில் பிளக் பாயிண்ட் இரண்டுதான் இருக்கிறது, அதில் ஒன்று மைக்குக்கு.